லோடிக்குப் போகும் ஒரு மைல்

மாவட்ட ஆபீசும் சேர்ந்த கார்னெட் ஊர்க் கோர்ட்டின் முன்வாசலில் நோட்டீஸ் குத்துவது லவோனின் வேலை. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று உண்டு. ஏலம், டெண்டர், நாய் லைசென்ஸ், சாலை மூடல் என்று எது வந்தாலும் நாலு மூலைக்கு நாலு குண்டூசி. பதினான்கு வருஷமாகக் குத்துகிறாள். அதில் ஒன்றையும் படித்ததில்லை. வேறு யாரும் நின்று படித்தும் அவள் பார்த்ததில்லை. அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் நாலாவது ஊசி கை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிரும்போது தாளின் நடுவரி கண்ணில் பட்டது. 'பதினாலாம் பிரிவுக்கும் இருபத்துமூன்றாம் பிரிவுக்கும் இடையே உள்ள, பயன்பாட்டில் இல்லாத ஒரு மைல் சாலை' என்று இருந்தது.

வெண்டல் கவுண்டி என்ற அந்த அமெரிக்க மாவட்டத்தில் நிலமெல்லாம் மைலுக்கு மைல் சதுரம். ஒவ்வொரு சதுரமும் ஒரு பிரிவு, அதற்கு ஒரு எண், சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே ஒரு சாலை. லவோன் குடியிருப்பது பதிமூன்றாம் பிரிவில். நெடுஞ்சாலையிலிருந்து பதினாலைத் தாண்டாமல் அவள் வீட்டுக்குப் போக முடியாது. வடக்கே இன்னொரு வழி இருக்கிறது. அது பீவர் ஓடைக்குள் இறங்கி ஏறுகிற வழி. பனி உருகும் மாதங்களில் அந்த ஓடையில் மாடுகூட இறங்காது.

பயன்பாட்டில் இல்லாத சாலையாம்! அன்று காலை அதே சாலையில்தான் பிக்கப் வண்டியைச் சேற்றில் இழுத்துக்கொண்டு அவள் வேலைக்கு வந்திருந்தாள். காலணியில் அந்தச் சேறு இன்னும் காயவில்லை. நாலாவது ஊசியைக் குத்தாமல் உள்ளே போனாள்.

"ஆர்டிஸ், இந்த ரோடு மனு எப்ப வந்துச்சு?"

ஆர்டிஸ் கவுண்டி கிளார்க். இருபது வருஷமாகத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் ஜெயிக்கிறவள். டோநட்டைக் காபியில் முக்கிக்கொண்டே சொன்னாள்.

"போன புதன்கிழமை. நீதானம்மா சீல் குத்தி வாங்குன."

"நானா?"

"பின்ன யாரு, அந்தச் சுவர்க் கடிகாரமா குத்துச்சு? ஏன், என்ன ஆச்சு?"

"அது என் வீட்டு ரோடு."

டோநட் பாதியில் ஒடிந்து காபிக்குள் விழுந்தது. ஆர்டிஸ் அதை எடுக்கவில்லை. எழுந்து போய்க் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"கில்பர்ட் லுண்ட் குடுத்த மனு. சட்டப்படி பத்து நிலக்காரங்க கையெழுத்து வேணும். பதினொண்ணு இருக்கு." அவளுடைய விரல் பெயர்களில் ஒவ்வொன்றாக இறங்கி ஏழாவதில் நின்றது. நிமிர்ந்து லவோனைப் பார்த்தாள். "ஏம்மா, இது ஒன் பேருல்ல?"

அவள் பேர்தான். அவள் கையெழுத்துதான். பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை, பின்பக்கம் வரை ஊறியிருந்தது. பார்த்ததும் அவளுக்கு அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மீன் வறுப்பார்கள். முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். லவோன் முட்டைக்கோஸ் சாலட்டும் மீனும் பரிமாறிக்கொண்டிருந்தாள். பேர் எழுதும் தாள் செருகிய அட்டைகள் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரம் யார் பழப்பூரணம் வைத்த பை சுடுவது, யார் ரத்தம் கொடுப்பது, யார் கல்லறையில் புல் வெட்டுவது. கில்பர்ட்டின் மனைவி நார்மா ஒரு அட்டையை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து போடும்மா, கில்பர்ட்டுக்கு என்னமோ வேணுமாம்" என்றாள். கையை ஏப்ரனில் துடைத்தும் துடைக்காமலும் லவோன் போட்டாள். இந்த வட்டாரத்தில் யாரும் படித்துவிட்டுப் போடுவதில்லை. பக்கத்து நிலத்துக்காரி நீட்டுகிற தாளை அவள் முன்னாலேயே படிப்பது, உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதைவிட அவள் கண்ணெதிரில் மீனைத் துப்பினாலும் பரவாயில்லை.

"விசாரணை வர்ற திங்கள் இல்லாம அடுத்த திங்கள்" என்றாள் ஆர்டிஸ். "விசாரணை முடியிற வரைக்கும் யார் வேணும்னாலும் பேர எடுத்துக்கலாம். ஒன் பேர எடு. மிச்சம் பத்து. இன்னும் ஒருத்தர எடுக்க வெச்சா மனு செத்துச்சு."

"நான் எப்படி இத வீட்டுல போய்ச் சொல்லுவேன் ஆர்டிஸ்?"

"வாயால சொல்லு. எழுதிக் குடுத்தா ஒன் புருஷன் படிக்கவா போறான்?"

வீட்டில் நாற்பத்தாறு கறவை மாடுகள். சாயங்காலக் கறவை ஐந்து மணிக்கு. லவோன் கோர்ட்டுத் துணியை மாற்றிக்கொண்டு ரப்பர் பூட்சோடு தொழுவத்துக்குள் போனபோது புருஷன் லாம்பர்ட் ஐந்தாவது மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தான். வெளியே பனி உருகிய தண்ணீர் கூரையிலிருந்து ஓயாமல் சொட்டியது. முற்றம் முழுக்கக் கணுக்கால் சேறு. மாடுகளின் மேலிருந்து ஆவி எழும்பியது. அவள் எதிர் வரிசையில் குழல்களை மாட்டிக்கொண்டே, எந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

லாம்பர்ட் எழுந்து நின்றான். "எந்த ரோடு?"

"நம்ம ரோடு."

"நம்ம ரோட்ட மூடிட்டு அவன் என்ன பண்ணப் போறான்?"

"பதினாலும் அவனோடது, இருபத்துமூணும் அவனோடது. நடுவுல சுத்துற பாசன மெஷின் போடப் போறானாம். வட்டம் சுத்தும்போது குறுக்க ரோடு இருக்கக் கூடாதாம்."

"அதுக்கு யாருடி கையெழுத்து போட்டா?"

அவள் அடுத்த மாட்டின் மடிக்குக் குனிந்தாள். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீயா? ஏன் லவோன், கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு? கோர்ட்டுல ஒக்காந்து நாள் முழுக்கப் படிக்கிறவதானே நீ?"

"நீ போட மாட்டியாக்கும்? போன வருஷம் டிராக்டர் கம்பெனிக்காரன் நீட்டுனத நீ படிச்சியா? ரத்தம் குடுக்குற லிஸ்ட்ல படிக்காமப் போட்டு, ஊசியப் பாத்து மயங்கி விழுந்தவன் யாரு?"

"அது ரத்தம். இது ரோடு."

"தெரியும்! தெரியாமலா இங்க நின்னு ஒன்கிட்ட அவமானப்படுறேன்?"

அவன் கறவைக் குழலைத் தரையில் போட்டான். மாடு மிரண்டு காலை உதைத்தது. பால் டேங்கர் ஓட்டுகிற ஷார்ட்டி போன வருஷமே சொல்லியிருக்கிறான், கவுண்டி பார்த்துக்கொள்ளும் சாலையில் மட்டும்தான் கம்பெனி வண்டியை அனுப்பும் என்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் வர வேண்டும். வராவிட்டால் பாலை ஓடையில்தான் கொட்ட வேண்டும். எத்தனை நாள் கொட்டுவது? ஒரு மாதத்தில் மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான். லாம்பர்ட்டுக்கு மாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது; வேறொன்று வேண்டும் என்று அவன் நினைத்ததும் இல்லை.

"எங்க தாத்தா காலத்துல புத்தகத்தத் தூக்கிட்டுப் போனானுங்க" என்றான் லாம்பர்ட். "இப்ப ரோட்டையே சுருட்டிக்கிட்டுப் போறானுங்க. அடுத்து என்ன, கெணறா?"

அந்தக் கதை இந்தக் கவுண்டியில் தெரியாதவர்கள் கிடையாது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று வரை கோர்ட்டு இந்த வீடு இருக்கும் லோடியில்தான் இருந்தது. ரயில் லோடியை விட்டுவிட்டுக் கார்னெட் வழியாகப் போனது. கோர்ட்டும் எங்களுக்கே வேண்டும் என்றது கார்னெட். இரண்டு தடவை ஓட்டுப் போட்டார்கள், இரண்டு தடவையும் அடிதடி. கடைசியில் லோடி டாக்டர் இறந்துபோன நாளில் ஊரே கல்லறையில் நின்றிருந்தபோது, பட்டப்பகலில் கார்னெட்டுக்காரர்கள் ஆறு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நிலப் புத்தகம், தீர்மானப் புத்தகம், நீதிபதி நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இதே ஒரு மைல் வழியாகப் போனார்கள். ஜெபத்துக்கு நடுவில் வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டும் குழியை விட்டு ஒருவரும் நகரவில்லை. புத்தகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோர்ட்டு என்று மேல் கோர்ட்டும் சொல்லிவிட்டது. லோடியில் இப்போது மிச்சமிருப்பது லாம்பர்ட்டின் ஹ்ரூஷ்கா குடும்பத்து வீடு, கூரை விழுந்த பள்ளிக்கூடம், அந்தக் கல்லறை.

அன்றிலிருந்து லோடிக்காரன் எவனும் கார்னெட் கோர்ட்டின் முன்படியில் ஏறியதில்லை. கிழக்குப் பக்கம் நிலக்கரி இறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. அது வழியாகத்தான் போவான், வருவான். லவோன் கார்னெட்டில் பிறந்தவள். கல்யாண லைசென்ஸ் வாங்கப் போன அன்று லாம்பர்ட் அவளையும் அந்தக் கதவு வழியாகத்தான் கூட்டிப் போனான். வெள்ளைக் காலணி கரியாகி அவள் அழுதாள். அப்போதும் அவன் முன்படிக்கு வரவில்லை.

அடுப்பில் பன்றிக்கறியும் ரொட்டி உருண்டையும் புளித்த முட்டைக்கோஸும் இருந்தன. இருவரும் சாப்பிடவில்லை. எட்டு மணிக்கு லாம்பர்ட் தட்டோடு நாயிடம் போனான்.

சனிக்கிழமை லவோன் கில்பர்ட்டின் மெஷின் கொட்டகைக்குப் போனாள். விதைக்கும் எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். அவள் குரலைக் கேட்டும் எழுந்திருக்கவில்லை. அவனுடைய பூட்சுகளோடுதான் அவள் பேச வேண்டியிருந்தது.

"கில்பர்ட், என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டுத்தானே கையெழுத்து வாங்குனேன்."

"நார்மா மீன் தட்ட நீட்டுற மாதிரி நீட்டுனா. எனக்கு என்ன தெரியும்?"

"கையில பேனா இருந்துச்சு. மூஞ்சில கண்ணு இருந்துச்சு. வேற என்னம்மா வேணும் ஒனக்கு?"

"டேங்கர் வராது கில்பர்ட். மாடு போயிடும். ஒனக்கு அது தெரியும்."

"இந்தக் காலத்துல நாப்பத்தாறு மாட்ட வெச்சுக்கிட்டு எவன் பொழைக்கிறான்? நான் ஒங்களுக்கு நல்லதுதான் செய்யிறேன். லாம்பர்ட்டுக்கு முழங்கால் போச்சு, முதுகு போச்சு. வித்துட்டு டவுனுக்கு வாங்க. நெலத்த நானே எடுத்துக்கிறேன்."

"நான் என் பேர எடுத்துடுவேன்."

"எடுத்துக்க. இன்னும் பத்து இருக்கு. மத்தவன் எவனும் எடுக்க மாட்டான். போட்டது போட்டதுதான், லவோன்."

அவள் அந்தப் பூட்சுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது. அதை எடுக்காமல் வந்தது தன் வாழ்க்கையிலேயே தான் செய்த பெரிய நல்ல காரியம் என்று பிற்பாடு ஆர்டிஸிடம் சொன்னாள்.

அவன் சொன்னதுதான் நடந்தது. கையெழுத்துப் போட்டவர்களிடம் ஒரு வாரம் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள், எல்லா வீட்டிலும் ருபார்ப் கேக் வெட்டினார்கள். "ஒரே அநியாயம்மா" என்றார்கள். பேரை எடுக்கிறாயா என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தார்கள். ஓட்டோ பெனிஷின் சோளத்தை இலையுதிர்க்காலத்தில் கில்பர்ட்டின் எந்திரம்தான் அறுக்கிறது. இன்னொருவனின் மகன் கில்பர்ட்டிடம் வேலை செய்கிறான். இன்னொருவனின் தானியம் கில்பர்ட்டின் குதிரில் கிடக்கிறது. "நான் படிக்கலம்மா, தெரியாமத்தான் போட்டேன்" என்று சமையலறையில் குசுகுசுத்தவர்கள், அதை வெளியே சொல்லச் சொன்னால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒன்பது வீட்டில் ஒன்பது துண்டு கேக் தின்றதுதான் மிச்சம். பத்தாவது பேர் ஆல்வினா ஷிம்மெக். அவள் ஓமாஹாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கள் காலைதான் வருவாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மாடி ஹாலில் விசாரணை. கவுண்டியை நடத்தும் மூன்று கமிஷனர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். தலைவர் வெர்லின் டீட்ஸ், டவுனில் உரக்கடை வைத்திருக்கிறவர். அந்தக் கடையில் அதிகம் வாங்குகிறவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. கீழே பெஞ்சுகளில் நாற்பது பேர். நார்மா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கில்பர்ட்டின் பக்கத்தில் இருந்தாள். லாம்பர்ட் கரிக்கதவு வழியாக வந்து கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றான். மேடைக்குக் கீழே சின்ன மேசையில் தீர்மானப் புத்தகத்தோடு லவோன் உட்கார்ந்திருந்தாள். டைப் மெஷின் வந்து முப்பது வருஷமாகியும் இந்தக் கவுண்டியில் அது கையால் எழுதும் புத்தகம்தான். கனத்த தோல் அட்டை. தூக்கினால் ஒரு கன்றுக்குட்டியின் எடை.

"லவோன் எழுதக் கூடாது" என்றார் வெர்லின். "அவ விஷயம் இது."

"வேற யாரு எழுதுறது?" என்றாள் ஆர்டிஸ். "நான் எழுதுனா எனக்கே புரியாது. நீங்க எழுதுனா ஒங்க சம்சாரத்துக்கே புரியாது."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. வெர்லின் கையை ஆட்டி விட்டுவிட்டார். மனு வாசிக்கப்பட்டது. யாராவது பேச வேண்டுமா என்று கேட்டபோது லவோன் எழுந்தாள்.

"நான் ஏழாவது பேரு. லவோன் ஹ்ரூஷ்கா. நான் இத படிக்காமப் போட்டேன். என் பேர எடுத்துடுறேன்." சொல்லிக்கொண்டே குனிந்து அதைப் புத்தகத்தில் எழுதினாள். ஹாலில் பேனாச் சத்தம் கேட்டது. "மத்த பத்து பேரையும் ஒரே ஒரு கேள்வி கேக்கணும். பதிலையும் எழுதிக்குவேன்."

"அதெல்லாம் எழுத வேண்டியதில்ல" என்றார் வெர்லின்.

"விசாரணையில பேசுனது எல்லாம் ஏறணும்" என்றாள் ஆர்டிஸ். "சட்டம் அது. நான் சொல்லல."

"ஓட்டோ பெனிஷ்" என்றாள் லவோன். "நீ இத படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டியா?"

ஓட்டோ தொப்பியைச் சுழற்றினான். நாலு நாளைக்கு முன்னால் தன் சமையலறையில் படிக்கவே இல்லை என்று அவளிடம் சொன்னவன். கமிஷனர்களைப் பார்த்தான், கில்பர்ட்டைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான்.

"படிச்சேன்."

அவள் எழுதினாள். அடுத்த பேரை வாசித்தாள். "படிச்சேன்." அடுத்தது. "படிச்சேம்மா, என்ன இப்ப?" ஒன்பது பேரும் படித்தார்களாம். ஊருக்கு முன்னால் முட்டாளாவதைவிட அயலானின் வழியை அறிந்தே அடைத்தவனாவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. லவோனின் காது ஜிவ்வென்று சிவந்தது. ஒவ்வொரு பதிலையும் எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதினாள்.

"ஆல்வினா."

மூன்றாவது பெஞ்சில் பழுப்புக் கோட்டோடு ஆல்வினா எழுந்தாள். ஆர்டிஸ் அவளைப் பஸ்ஸிலிருந்து நேரே கூட்டி வந்திருந்தாள். பெட்டி காலடியில் இருந்தது.

"நான் எங்க படிச்சேன்? பை லிஸ்ட்டுன்னு நெனச்சேன். எலுமிச்சம் பைன்னுகூட பேருக்குப் பக்கத்துல எழுதுனேனே!"

ஆர்டிஸ் மனுவை எடுத்துப் பார்த்தாள். எலுமிச்சம் பை என்று எழுதித்தான் இருந்தது.

"எந்த ரோட்ட மூடுறாங்கன்னு ஒனக்குத் தெரியுமா ஆல்வினா?" என்று கேட்டாள் லவோன்.

"எண்ணு சொன்னா எனக்கு என்னம்மா தெரியும்?"

"லோடிக்குப் போற ரோடு. நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போற ரோடு. ஒன் புருஷன் ஸ்டான்லி கல்லறையில படுத்திருக்கானே, அங்க போற ரோடு."

ஆல்வினா திரும்பி நார்மாவைப் பார்த்தாள். "அடிப்பாவி" என்றாள், மெதுவாகத்தான். "அவன் சாவு வீட்டுக்கு ஹாம் கறி கொண்டு வந்தியேடி." பிறகு மேசைக்கு வந்து பேனாவைப் பிடுங்கி மனுவில் தன் பேரை அடித்தாள். தாள் கிழிந்தது.

"ஒம்போது" என்றாள் ஆர்டிஸ். "மனு செல்லாது."

சுவரோரம் லாம்பர்ட் மூச்சை விட்டது லவோனுக்குக் கேட்டது. கில்பர்ட் எழுந்திருக்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. வெர்லினைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான். வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"மனு செல்லாதுன்னா போகட்டும். பயன்பாட்டுல இல்லாத ரோட்ட எங்க கமிஷனர் போர்டு தானாவே மூடலாம். அதுக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம். பதினாலுக்கும் இருபத்துமூணுக்கும் நடுவுல உள்ள ரோடு பயன்பாட்டுல இல்லன்னு நான் தீர்மானம் கொண்டு வர்றேன்."

"வழிமொழியிறேன்" என்றார் பக்கத்திலிருந்தவர். அவர் அதுவரை விழித்திருந்தாரா என்பதே சந்தேகம்.

"பயன்பாட்டுல இல்லையா?" லாம்பர்ட்டின் குரல் பின்னாலிருந்து வெடித்தது. "இப்ப நான் பறந்தா வந்தேன்?"

"ஒக்காரு லாம்பர்ட். ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்." மூன்று கைகள் உயர்ந்தன. "நிறைவேறுச்சு. எழுதும்மா. எழுதிக் குடு, கையெழுத்து போட்டுடுறோம்."

அப்படியானால் இந்த இரண்டு வாரம் எதற்கு? ஒன்பது வீட்டுக் கேக் எதற்கு? மனுவும் விசாரணையும் பெஞ்சும் எதற்கு? எல்லாம் முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, அவளையே ஊசி குத்த வைத்து, அவளையே எழுதவும் சொல்கிறார்கள். லவோன் பேனாவைப் பார்த்தாள். மூடியைத் திருகி மூடினாள். எதிர்ச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. ஆறு வண்டிகள், மேலே மீசைக்காரர்கள், மடிமேல் புத்தகங்கள். கார்னெட்டின் பெருமை என்று அதற்குக் கீழே பித்தளைத் தகடு வேறு. பதினான்கு வருஷமாக அந்தத் தகட்டுக்கும் அவள்தான் பாலிஷ் போடுகிறாள்.

புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்க போற?" என்றார் வெர்லின். "லவோன்! புத்தகத்த வை. ஆர்டிஸ், அவளப் புடி!"

"எனக்கு இடுப்பு வலி" என்றாள் ஆர்டிஸ். எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

மாடிப்படி இறங்கி லவோன் நேரே முன்வாசலுக்குப் போனாள். பின்னால் ஓடிவந்த லாம்பர்ட் பழக்கத்தில் கரிக்கதவுப் பக்கம் திரும்பினான், நின்றான், அவளைப் பார்த்தான். பிறகு அவள் பின்னாலேயே முன்வாசலைத் தாண்டினான். ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் படியில் அவன் முதல்முதலாகக் கால் வைத்தது இறங்குவதற்குத்தான்.

"வேல போயிடும்" என்றான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் போயிடும்."

"தெரியும். ஓட்டு."

"புத்தகத்த என்ன பண்ணப் போற?"

"ஒங்க தாத்தாகிட்ட அவனுங்க என்ன பண்ணானுங்களோ, அத. எழுதிக் கையெழுத்து போடாத வரைக்கும் அது தீர்மானமே கெடையாது."

ஒரு மைல் சாலையில் சக்கரம் அச்சுவரை இறங்கியது. கவுண்டி அதில் சரளை போட்டு நாலு வருஷமாகிறது. லாம்பர்ட் வண்டியைச் சாலை நடுவில் வைத்து வளைத்து வளைத்து ஓட்டினான். லவோன் புத்தகத்தை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தாள். கோபம் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையைத் துடைத்துப் புத்தகத்தை வைத்தாள். முந்தின நாள் பன்றிக்கறியைச் சூடு பண்ணினாள். பதிமூன்று நாளில் முதல் தடவையாக இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மூன்றரை மணிக்கு, கவுண்டி போலீஸை நடத்தும் ஷெரிஃப் டேரல் வந்தான், நடந்து. தொடைவரை சேறு. தொப்பியில்கூடத் தெறித்திருந்தது. லவோனுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு கீழே படித்தவன்.

"காரு எங்க?" என்றான் லாம்பர்ட்.

"பாதி மைல்ல பொதைஞ்சு கெடக்கு. டிராக்டர் கொண்டு வந்து இழுத்து விடு லாம்பர்ட், ஒனக்குப் புண்ணியமாப் போகும்." அவன் லவோனிடம் திரும்பினான். "ஏன் லவோன், ஒனக்கு என்ன பைத்தியமா? புத்தகத்த குடு. வெர்லின் ஒன்னய உள்ள தள்ளணும்னு குதிக்கிறாரு. நான்தான் பேசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஓடை வழியா வந்திருக்கலாமே?"

"ஓடையா? தண்ணி வேலிக் கம்பிக்கு மேல ஓடுது. இந்த ஒரு வழிதானே இருக்கு."

"ஒரு நிமிஷம் நில்லு. குடுத்துடுறேன். வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ."

அவள் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, ஆல்வினாவின் பதிலுக்குக் கீழே நிதானமாக ஆறு வரி எழுதினாள். டேரல் காபியைக் குடித்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்ததும் பேனாவை நீட்டினாள்.

"படிச்சுட்டுப் போடு" என்றாள்.

"ஒன் எழுத்த நான் படிக்கணுமா? ஒன்ன நம்பாமலா?" அவன் குனிந்து பேரை எழுதி, பதவியையும் எழுதி, தேதியையும் போட்டான்.

லவோனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மேசையை ஓங்கித் தட்டினாள். காபிக் கோப்பை குதித்தது.

"படிடா இப்ப! சத்தமாப் படி!"

டேரல் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான், லாம்பர்ட்டைப் பார்த்தான். பிறகு சேற்று விரலை வரிமேல் வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி படித்தான். "'வெண்டல் கவுண்டி ஷெரிஃப் ஆகிய நான், இன்று கவுண்டி வேலையாக, பதினாலாம் பிரிவுக்கும் இருபத்துமூன்றாம் பிரிவுக்கும் இடையே உள்ள சாலையைப் பயன்படுத்தி இங்கே வந்தேன். ஓடை வழி மூழ்கிக் கிடப்பதால் இந்த வீட்டுக்கும் லோடி கல்லறைக்கும் வேறு வழி கிடையாது. இந்தச் சாலை பயன்பாட்டில்...'" அவன் நிறுத்தினான்.

"முடி."

"'...பயன்பாட்டில் இருக்கிறது.'" அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, இத நான் போட முடியாதும்மா. இதுக்குக் கீழ வெர்லின் எப்படித் தீர்மானத்த எழுதுவாரு? என்னயத் தொலைச்சிடுவாரு. அடிச்சுடு லவோன். நான் படிக்காமப் போட்டுட்டேன்."

லவோன் மையை ஊதி உலர்த்தினாள். புத்தகத்தை மூடி அவன் கையில் வைத்தாள். கனம் தாங்காமல் அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"போட்டது போட்டதுதான், டேரல்" என்றாள்.

லாம்பர்ட் பூட்சை மாட்டிக்கொண்டு டிராக்டரைக் கிளப்பப் போனான்.